நன்றி சொன்னேன், அம்மா கோபித்துக்கொண்டார்

உவர்மலையான்:
ஒரு விசயம் கேட்க வேண்டும். சிரிக்கக் கூடாது.

இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் அலுவலகத்தில் அரை நாள் கருத்தரங்கு வைத்தார்கள். வந்தவர் ஆளுக்கொரு கொப்பி கொடுத்து, ஒவ்வொரு இரவும் நன்றியோடு நினைக்கிற மூன்று விசயங்களை எழுதச் சொன்னார். நானும் ஒழுங்காக எழுதினேன். முதல் வாரம் நன்றாகத்தான் போனது. சாதாரண தரப் பரீட்சைக்கு முன் எனக்குக் கணக்குச் சொல்லித்தந்த பக்கத்து வீட்டு அண்ணையை எல்லாம் நினைவில் தேடிப் பிடித்து எழுதினேன். மூன்றாம் வாரம் கொப்பியைப் புரட்டினால் இப்படிக் கிடக்கிறது: "கரண்ட் நிற்கவில்லை. பாரை மீன் கிடைத்தது. பஸ்ஸில் சீற் கிடைத்தது." மறுநாள்: "கரண்ட் நிற்கவில்லை. சூடை மீன் கிடைத்தது. பஸ்ஸில் சீற் கிடைத்தது." மீன் மட்டும்தான் மாறுகிறது.

சரி, எழுதினால் வராது, வாயால் சொல்லிப் பார்ப்போம் என்று போன ஞாயிற்றுக்கிழமை இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு, "நன்றி அம்மா, சொதி நல்லா இருந்தது" என்றேன். அம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன, வெளியாள் மாதிரிக் கதைக்கிறாய்? எங்கேயும் போகப் போறியோ?" பின்னேரம் வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. தங்கச்சிக்குப் போன் எடுத்து, அண்ணாவுக்கு உடம்புக்கு ஏதும் செய்யுதோ தெரியாது என்று வேறு சொல்லியிருக்கிறார்.

எனக்கு உண்மையாகவே நன்றியுணர்வு இருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை. நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

மான்கொம்பு:
சொதிக்கு நன்றி சொல்லக் கூடாது மச்சான். இன்னும் இரண்டு இடியப்பம் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். அம்மாமாருக்கு விளங்குகிற மொழி அதுதான்.

பாலையூற்று அக்கா:
தம்பி, அம்மா கோபிக்கவில்லை, பயந்திருக்கிறார். எங்கள் வீடுகளில் நன்றி என்ற சொல் பிரிகிற நேரத்துச் சொல். கலியாண மேடையில், செத்தவீட்டு நன்றி நோட்டீசில், பிரியாவிடையில் வரும். அதைச் சொதிக்கு முன் கொண்டுவந்து வைத்தால் யாருக்கும் திக்கென்றுதான் இருக்கும்.

எங்கள் ஒழுங்கையில் நடக்கிறதைச் சொல்கிறேன். பக்கத்து வீடு முஸ்லிம் குடும்பம். நோன்பு காலம் முழுக்கப் பின்னேரத்தில் ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டியில் கஞ்சி வரும். பெருநாளைக்கு வட்டிலப்பம். தைப்பொங்கலுக்கும் சித்திரை வருசத்துக்கும் எங்கள் வீட்டில் இருந்து போகும். இதில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதே இல்லை. ஆனால் வந்த சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிறதும் இல்லை. ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒரு பிடி சீனி, நாலு முருங்கைக்காய், முற்றத்து எலுமிச்சை ரெண்டு. மாமி காலத்தில் இருந்தே அப்படித்தான்.

மூன்று வருசத்துக்கு முந்தின நோன்புக்கு எனக்கு நல்ல காய்ச்சல். மகனிடம் சட்டியைக் கழுவிக் கொடுத்துவிட்டேன், உள்ளே எதுவும் போட ஏலவில்லை. பத்து நிமிசம் ஆகவில்லை, அந்த வீட்டு அக்கா படலையில் நிற்கிறார். நோன்பு திறக்கிற நேரம் வேறு. "சட்டி வெறுமையா வந்தது. என்ன பிள்ளை, சுகமில்லையா?" என்று கேட்டார். நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போய்க் கொத்தமல்லி அவித்துக்கொண்டு வந்தார்.

நான் வாயால் நன்றி சொல்லிச் சொல்லிச் சட்டியை வெறுமையாகக் கொடுத்துப் பழகியிருந்தால் அவருக்கு அன்றைக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

கோணேசபுரி மாணவன்:
அக்கா சொன்னதற்கு ஆராய்ச்சியிலும் ஆதாரம் இருக்கிறது. 2018இல் ஐந்து கண்டங்களில் இருந்து எட்டு மொழிகளை எடுத்து, வீட்டிலும் வெளியிலும் ஆட்கள் சாதாரணமாகக் கதைப்பதை ஒளிப்பதிவு செய்து பார்த்தார்கள். உப்பைத் தா, இதைக் கொஞ்சம் பிடி என்று கேட்டு, மற்றவர் செய்து கொடுத்த பிறகு எத்தனை பேர் நன்றி சொல்கிறார்கள் என்று எண்ணினார்கள். மிக மிகக் குறைவு. ஆங்கிலமும் இத்தாலியமும் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். உதவி செய்வதும் பெறுவதும் சொல் இல்லாமலேதான் ஓடுகிறது.

உவர்மலை அண்ணா, உங்கள் கொப்பி விசயத்துக்கு வருகிறேன். அந்தக் கொப்பிக்கு மூலம், 2003இல் அமெரிக்காவில் ராபர்ட் எமன்ஸ், மைக்கேல் மெக்கலோ என்ற இரண்டு உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு. மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, வாரத்துக்கு ஒருமுறை, பத்து வாரம் எழுத வைத்தார்கள். ஒரு குழு நன்றிக்குரியவற்றை, ஒரு குழு எரிச்சல்களை, மற்றக் குழு சும்மா நடந்தவற்றை. நன்றி எழுதியவர்கள் வாழ்க்கையைப் பற்றி மற்றவர்களைவிட நல்லபடியாக உணர்ந்தார்கள், உடற்பயிற்சியும் கூடுதலாகச் செய்தார்கள். தினமும் எழுத வைத்தும் பார்த்தார்கள், அதிலும் பலன் இருந்தது. ஆனால் சோனியா லியூபோமிர்ஸ்கி என்பவரின் குழு வேறு விதமாகச் சோதித்தது. வாரத்துக்கு மூன்று முறை எழுதியவர்களைவிட ஒரே முறை எழுதியவர்களுக்குத்தான் மனம் கூடுதலாகத் தெளிந்தது. தினமும் எழுதினால் கை பழகிவிடும், மனம் வராது. உங்கள் மீன் பிரச்சினை அதுதான் என்று நினைக்கிறேன்.

மான்கொம்பு:
அப்படியானால் வாரத்துக்கு ஒருநாள் மட்டும் மீன் வாங்கு மச்சான்.

முற்றவெளி:
எல்லோரும் இனிப்பாகக் கதைக்கிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2004 டிசெம்பர் 26 கடல் வந்தபோது எனக்குப் 14 வயது. எங்கள் வீடு கரையில் இருந்து நூறு யார் தூரம்கூட இல்லை. பாடசாலை ஒன்றில் தங்க வைத்தார்கள். இரண்டாம் கிழமையோ மூன்றாம் கிழமையோ ஒரு நிறுவனம் வாளி கொடுக்க வந்தது. வாளிக்குள் ஒரு பாய், இரண்டு சவர்க்காரம், ஒரு துவாய். வரிசையில் நின்று வாங்கினேன். போட்டோ எடுத்தார்கள். எடுத்தவர் கமராவைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். உடனே என் கையில் இருந்த வாளியைத் திருப்பி வாங்கி, மறுபடி கொடுத்தார்கள். இந்தமுறை சிரிக்கச் சொன்னார்கள். போன கிழமைதான் அம்மம்மாவை அடக்கம் செய்திருந்தோம்.

அதற்கு முதல், யாரும் வருவதற்கு முந்தின அன்றிரவு, உள்ளூர்க் கிராமங்களில் இருந்து லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் சோற்றுப் பார்சல் வந்தது. ஒரு அம்மா கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. சிவப்பரிசிச் சோறும் பருப்பும் ஒரு துண்டுக் கருவாடும். இருபது வருசம் தாண்டியும் அந்தச் சோற்றின் சூடு எனக்குத் தெரியும். வாளி எந்த நிறம் என்றுகூட ஞாபகம் இல்லை.

அப்புறம் இன்னொன்று. படித்து முடித்துக் கடை ஒன்றில் வேலைக்குப் போனேன். ஒன்றரை வருசம் கழித்து ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறீர்களா என்று முதலாளியிடம் கேட்டேன். சட்டப்படி முதலாளி 12 வீதம், என் சம்பளத்தில் இருந்து 8 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி இன்னொரு 3 வீதம். அவர் சொன்ன பதில்: "வேலை தந்திருக்கிறேன், கொஞ்சமாவது நன்றி இருக்க வேண்டாமா?"

அன்றைக்கே எனக்கு அந்தச் சொல் கசந்துவிட்டது. உரிமையைப் பிடித்து வைத்துக்கொண்டு நன்றியைக் கேட்கிறவர்கள்தான் இந்த ஊரில் நான் பார்த்ததில் அதிகம்.

பாலையூற்று அக்கா:
தம்பி முற்றவெளி, வாளியைத் திருப்பி வாங்கினதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நீங்கள் சொன்னது சரி. கேட்டு வாங்குகிற நன்றி வேறு சாமான்.

உவர்மலையான்:
முற்றவெளி, நல்ல நேரத்தில் சொன்னீர்கள். எங்கள் கருத்தரங்கின் கடைசி அரை மணித்தியாலமும் நிறுவனத்துக்கு நன்றியோடு இருப்பது எப்படி என்பதில்தான் போனது. இரண்டு வருசமாகச் சம்பள உயர்வு இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் ஒரு சந்தேகம். உரிமைக்கு நன்றி தேவையில்லை என்றால், சம்பளத்துக்கு வேலை செய்கிற தாதி, பஸ் நடத்துனர், தபால்காரர், இவர்களுக்கும் சொல்லத் தேவையில்லையா? அவர்கள் கடமையைத்தானே செய்கிறார்கள்?

இரவு டியூட்டி:
நான் தாதி. வாசித்துக்கொண்டே இருந்தேன், இதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆட்கள் துண்டு வெட்டி வீட்டுக்குப் போகும்போது பிஸ்கட் பெட்டி தருவார்கள், கும்பிட்டுவிட்டுப் போவார்கள். சந்தோசம்தான், ஆனால் அடுத்த கட்டிலுக்குப் போனதும் மறந்துவிடும். மறக்காத ஒருவர் இருக்கிறார். தம்பலகாமத்துப் பக்கம் வயசான விவசாயி ஒருவர். போகிற அன்று கிட்ட வந்து, "பிள்ளை, விடிய நாலு மணிக்கு ஊசி போட வரேக்க ரெண்டு கையையும் தேய்ச்சுச் சூடாக்கிப்போட்டுத்தான் என்னைத் தொட்டனீ. நான் முழிச்சுத்தான் கிடந்தனான்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை.

அப்படிச் செய்கிற பழக்கம் எனக்கு இருக்கிறது என்றே அதுவரை எனக்குத் தெரியாது. ஊசி போடுவது என் கடமை. கையைச் சூடாக்குவது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. அவர் இரண்டையும் பிரித்துப் பார்த்திருக்கிறார். உவர்மலை அண்ணாவின் கேள்விக்கு என் பதில் அவ்வளவுதான். சம்பளத்துக்குள் அடங்காத அந்தத் துண்டைக் கண்டுபிடியுங்கள், அதைச் சொல்லுங்கள்.

கோணேசபுரி மாணவன்:
இதுவும் ஆராய்ச்சியில் இருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை, மன்னியுங்கள். 2018இல் அமித் குமார், நிக்கலஸ் எப்லி இருவரும் ஆட்களை நன்றிக் கடிதம் எழுத வைத்தார்கள். எழுதியவர்கள், வாங்குகிறவருக்குச் சங்கடமாக இருக்கும், என் எழுத்து நன்றாக இல்லை என்று பயந்தார்கள். வாங்கியவர்களைக் கேட்டால் அந்தளவு சங்கடமே இல்லை. எழுதியவர் நினைத்ததைவிட மிகக் கூடுதலாகச் சந்தோசப்பட்டார்கள். வசனம் அழகாக இருந்ததா என்பதை அவர்கள் பெரிதாகப் பார்க்கவும் இல்லை.

ஓ பொசிற்றிவ்:
யாருக்குச் சொல்வது என்றே தெரியாத நன்றியை என்ன செய்வது? மனைவிக்குப் பிரசவத்தில் இரத்தம் போய், இரண்டு பைன்ற் ஏற்றினார்கள். யார் கொடுத்தது என்று கேட்டேன், சொல்லமாட்டார்கள். இலங்கையில் 2014இல் இருந்து இரத்தம் முழுக்கத் தானமாகத்தான் வருகிறது, காசுக்கும் இல்லை, ஏற்றினதுக்குப் பதிலாக உறவினர் கொடுப்பதும் இல்லை. யாரோ ஒருவர், எங்கேயோ ஒரு முகாமில், நெக்டோ சோடா குடித்துவிட்டு எழும்பிப் போயிருப்பார். நான் ஊசிக்குப் பயந்தவன். இப்போது நாலு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் படுக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டுதான்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
பிள்ளைகள், சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவா? பழந்தமிழில் நன்றி என்பது வாயால் சொல்கிற சொல் அல்ல. நன்மை, செய்த உதவி என்பதுதான் பொருள். திருக்குறளில் 11ஆம் அதிகாரத்துக்குப் பெயர் செய்ந்நன்றி அறிதல். செய்த நன்மையை அறிதல். சொல்லுதல் என்று இல்லை, அறிதல் என்று இருக்கிறது. தாதிப் பிள்ளை சொன்ன அந்த விவசாயி அதிகாரம் முழுவதையும் நாலு மணிக்குக் கட்டிலில் கிடந்தே படித்துவிட்டார்.

நான் 31 வருசம் படிப்பித்தவன், மூன்று சமூகத்தவரோடும் பழகினவன். எங்கள் கிழவிகள் உதவி பெற்றால் "நல்லா இருப்பாய்" என்பார்கள், இல்லாவிட்டால் புண்ணியமாய்ப் போகும் என்பார்கள். சிங்களத்தில் ஸ்தூதி என்று சொல் இருக்கிறது, ஆனால் வயதானவர்கள் மனம் நிறைந்து சொல்வது "பின் சித்த வேவா", புண்ணியம் சேரட்டும் என்று. முஸ்லிம் நண்பர் ஜஸாக்கல்லாஹ் என்பார், அல்லாஹ் உங்களுக்குக் கூலி தரட்டும் என்று பொருள். மூன்று பேரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். என்னால் இந்தக் கடனை அடைக்க ஏலாது என்று ஒத்துக்கொண்டு, பற்றுச்சீட்டை மேலே அனுப்பிவிடுகிறார்கள்! கெட்டிக்காரர்.

தம்பலகாமம் வயற்காரன்:
வாத்தியார் சேர் வணக்கம். எங்களிடம் புதிர் எடுக்கிற வழக்கம் இருக்கிறது, தைப்பூசத்துக்கு. முற்றின கதிரில் கொஞ்சம் அறுத்து, அந்த அரிசியில் பொங்கிப் படைத்து, பிறகுதான் அந்த வருசத்துப் புது அரிசியைச் சாப்பிடுவோம். கந்தளாய்க் குளத்துத் தண்ணி வராவிட்டால் எங்களுக்கு ஒன்றும் இல்லை. மாட்டுப் பொங்கலுக்கு மாடு இல்லாமல் நான் ட்ரக்டருக்குச் சந்தனப் பொட்டு வைப்பேன், மகன் போட்டோ எடுத்துப் போட்டுச் சிரிக்கிறான். சிரிக்கட்டும். அதுவும் வருசம் முழுக்க உழுததுதானே.

கிண்ணியா நானா:
இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது. அதற்கு முதல் எங்களுக்குப் பாதை என்கிற மிதவைப் படகுதான், அது நின்றுவிட்டால் இரவில் அந்தக் கரைக்குப் போக வழி இல்லை. 2001ஆம் ஆண்டு ஒரு இரவு பன்னிரண்டு மணிக்கு மனைவிக்கு வலி எடுத்துவிட்டது. மழை வேறு. கரையில் ஒருவர் தோணியை இறக்கி எங்களை அக்கரைக்குக் கொண்டுபோய் விட்டார். நாங்கள் நனைந்துபோனதைப் பார்த்து, தன் பையில் இருந்த சாரத்தை எடுத்து மனைவிக்குப் போர்த்தக் கொடுத்தார். மகன் பிறந்தான். அதற்குப் பிறகு கடை, கஷ்டம், இடம்பெயர்வு என்று போய்விட்டது. அவரைப் போய்ப் பார்க்கவில்லை. வெட்கம் வேறு வளர்ந்துகொண்டே போனது. ஒரு வருசம் பிந்தினால் போகலாம், பத்து வருசம் பிந்தினால் எந்த முகத்தோடு போவது?

போன வருசம் மகன் வேலைக்குச் சேர்ந்தான். முதல் சம்பளத்தில் ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பு வாங்கிக்கொண்டு, அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். ஆளைக் கண்டுபிடித்து, இருந்து, கதை முழுக்கச் சொல்லி, கண்ணும் கலங்கிவிட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது நான் இல்லை தம்பி, என்ட மச்சான்."

மச்சான் கட்டாரில். வாட்ஸ்அப்பில் எடுத்துக் கொடுத்தார்கள். மறுபடி முழுக் கதையும் சொன்னேன். அவருக்கு அந்த இரவே ஞாபகம் இல்லை. இப்படி எத்தனையோ பேரை ஏற்றியிருக்கிறாராம். பிள்ளை என்ன செய்கிறான் என்று கேட்டார். பிறகு கொஞ்சம் பொறுத்து, "நீல நிறச் சாரமா? கோடு போட்டதா?" என்றார். ஓம் என்றேன். "அதுதானே பார்த்தேன், எங்க போனதென்று! ராத்தா எனக்குப் பெருநாளைக்கு வாங்கித் தந்தது." ராத்தா என்றால் அவருடைய அக்கா.

அந்தப் பழைய சாரத்தை மனைவி இன்னும் வைத்திருந்தாள். மகனைச் சுற்றியது அதில்தானே. புதுச் சாரம் ஒன்றும் வாங்கி, இரண்டையும் மடித்து ஊருக்கு வரும்போது கொடுக்கச் சொல்லி அவர் வீட்டில் வைத்துவிட்டு வந்தோம். மஸ்கட்டை நான் முதலில் போய்ப் பார்த்தவரே சாப்பிட்டுவிட்டார்.

மான்கொம்பு:
நானா, இதற்கு என்னிடம் பகிடி இல்லை.

சிவன்கோயிலடிக்காரி:
நானும் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். மகளிர் தினத்துக்கு என் வீட்டுக்காரர் முகநூலில் "என் வாழ்வின் ஒளிக்கு நன்றி" என்று படத்தோடு போட்டார். இருநூற்றுச் சொச்சம் விருப்பம். அன்றிரவும் சாப்பிட்ட கோப்பையில் கையைக் கழுவிவிட்டு அப்படியே மேசையில் விட்டுவிட்டு எழும்பிப் போய், யார் யார் விருப்பம் போட்டார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். உவர்மலை அண்ணா, உங்கள் அம்மாவின் பக்கம்தான் நான்.

உவர்மலையான்:
மூன்று கிழமை கழித்து வருகிறேன். எல்லோரும் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன்.

கொப்பியை ஞாயிறு இரவுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டேன். ஒரு ஆள், ஒரு காரியம், அந்த ஆள் என்ன செய்தார் என்பதை முழுதாக. கணக்குச் சொல்லித்தந்த அண்ணை இப்போது கனடாவில், ஸ்காபரோவில். கடிதம் எழுதி அனுப்பினேன். தான் படிப்பித்ததைவிட எங்கள் வீட்டுத் தேத்தண்ணிக்காக வந்ததுதான் உண்மை என்று பதில் போட்டிருக்கிறார்.

அம்மாவின் விசயம். தாதித் தங்கச்சி சொன்னபடி சொதியில் அந்தத் துண்டைத் தேடுவோம் என்று, ஒருநாள் விடியக் குசினிக்குள் போய்ச் சும்மா நின்றேன். 43 வயதில் முதல்தரம் பார்க்கிறேன். திருவலையில் இருந்து தேங்காய் திருவுகிறார். நாலு இழுவைக்கு ஒருதரம் வலக்கை மணிக்கட்டைப் பிடித்து உதறிவிட்டு மறுபடி திருவுகிறார். எத்தனை நாளாக என்று கேட்டேன். "அது கனகாலம்" என்றார்.

மறுநாள் நான் இருந்து திருவினேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "கறுப்பு வரத் திருவாதை, சொதி கறுக்கும். தள்ளு, தள்ளு, எழும்பு" என்று பிடுங்கிக்கொண்டார். அதற்கடுத்த நாளும் அதே சண்டை.

இன்று காலை போனால், ஒரு பாதியைத் தானே திருவி முடித்துவிட்டு, மற்றப் பாதியைத் திருவலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

மான்கொம்பு:
சொதி கறுத்ததா?

உவர்மலையான்:
கொஞ்சம்.